போனில் மாட்டும் கலிலியோவின் குழாய்

கொக்குவிலில் இருந்து குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அண்ணை, போன் கமராவுக்கு மேல கொழுவுற லென்ஸுகள் விக்கிறாங்களே, மக்ரோ, வைட், டெலி, அனமோர்ஃபிக் எண்டு. உண்மையா வேலை செய்யுமோ, இல்லாட்டி சும்மா கண்ணாடித் துண்டோ? அனமோர்ஃபிக் போட்டா சினிமா மாதிரி வருமாம், அது எப்பிடி?"

கண்ணாடித் துண்டுதான். ஆனால் வேலை செய்யும். அதிலும் அந்தக் கடைசி லென்ஸ் செய்கிற வேலை கொஞ்சம் அதிசயமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழி.

போனின் பிரதான கமராவுக்குள் ஆறேழு சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் வில்லைகள் அடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து ஐந்து, ஆறு மில்லிமீற்றர் குவியத் தூரம் கொண்ட ஒரே குவிவு வில்லையாக வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒளிமுறிவு, குவியம், விம்பம் எல்லாம் ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்ததுதான், அதைத் திரும்பச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் கமராவை அடையும்போது சமாந்தரமாக இருக்கும். அவை எந்தக் கோணத்தில் வருகின்றனவோ அதைப் பொறுத்துத்தான் அந்தப் புள்ளி படத்தில் எந்த இடத்தில் விழும் என்பது தீர்மானமாகும். கமராவுக்குத் தெரிவது கோணம் மட்டுமே. கதிர் நேராகப் பனைமரத்தில் இருந்து வந்ததா, வழியில் வேறொரு கண்ணாடி அதைத் திருப்பிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. மாட்டுகிற லென்ஸ் எல்லாமே இந்த அறியாமையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

மக்ரோவை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். சாதாரணப் போன் கமராவால் சுமார் பத்து சென்ரிமீற்றருக்குக் கிட்ட உள்ள பொருளைத் தெளிவாகக் காட்ட முடியாது. 25 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள ஒரு குவிவு வில்லையை முன்னால் மாட்டுங்கள். எறும்பு அந்த வில்லையின் குவியத்தில், அதாவது 25 மில்லிமீற்றர் தூரத்தில் நின்றால், அதிலிருந்து விரிந்து வரும் கதிர்கள் வில்லையைத் தாண்டியதும் சமாந்தரமாகிவிடும். எறும்பு அடிவானத்தில் நிற்கிறது என்று போன் நம்பிவிடும். போனைத் தன் மிகக் கிட்டிய தூரத்துக்குக் குவியவைத்தால்கூட எறும்பு 20 மில்லிமீற்றர் வரைதான் கிட்ட வரலாம். ஆக உங்களுக்குக் கிடைப்பது அரைச் சென்ரிமீற்றர் இடைவெளி. திரையைத் தட்டித் தட்டிப் பயனில்லை என்பதும், போனையே முன்னும் பின்னும் அசைத்துத்தான் தெளிவு பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். கிடைக்கும் பலன் குறைவில்லை: சுமார் 70 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) தடிப்புள்ள ஒரு தலைமுடி, சென்சரில் பதினான்கு பிக்சல் அளவுக்குப் படரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானியும் அவரது குழுவும் ஒரு சிறு கண்ணாடிமணியை வில்லையாக வைத்து, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற நுணுக்குக்காட்டியை உருவாக்கி 2014இல் வெளியிட்டார்கள். 140 மடங்கு பெருக்கம். போனிலும் ஒட்டலாம். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் நல்ல நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும், "உடைஞ்சா ஆர் பொறுப்பு" என்ற பயத்தில். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அந்தத் தொகை கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. வகுப்புக்கு ஒரு மக்ரோ லென்ஸ் அதில் ஒன்று. சரி, விஷயத்துக்கு வருவோம்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதைப் போனில் எடுத்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு அவ்வளவு பெரிதாய்த் தெரிந்த பட்டம் படத்தில் ஒரு புள்ளி. விரலால் விரித்துப் பெருப்பித்தால் அது பெரிய புள்ளியாகும். புதிதாக விபரம் எதுவும் வராது. டெலி லென்ஸ் செய்வது வேறு. முன்னால் ஒரு குவிவு வில்லை, பின்னால் ஒரு குழிவு வில்லை. முன்னதன் குவியத் தூரம் 60 மில்லிமீற்றர், பின்னதன் குவியத் தூரம் 30 மில்லிமீற்றர் என்றால், இரண்டையும் 30 மில்லிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். முன்வில்லை கதிர்களைக் குவிக்கத் தொடங்கும். அவை ஒரு புள்ளியில் சேருமுன் குழிவு வில்லை அவற்றைப் பிடித்து மறுபடி சமாந்தரமாக்கிவிடும். சமாந்தரமாக உள்ளே போனவை சமாந்தரமாகவே வெளியே வருகின்றன, ஆனால் கோணம் இரண்டு மடங்கு. அறுபதை முப்பதால் வகுத்தால் இரண்டு, அவ்வளவுதான் கணக்கு. பட்டமும் இரண்டு மடங்கு பெரிதாகும்.

இந்த அமைப்பு புதிதில்லை. 1609இல் கலிலியோ கையில் பிடித்திருந்த தொலைநோக்கி இதேதான். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளை அவர் கண்டது ஒரு குவிவும் ஒரு குழிவும் கொண்ட குழாயால். அதே குழாயைத் திருப்பிப் பிடித்தால் எல்லாம் பாதியாகச் சிறுக்கும். சிறு வயதில் தொலைநோக்கியை மறுபக்கமாகப் பார்த்து விளையாடியிருப்பீர்கள். அந்த விளையாட்டுத்தான் வைட் லென்ஸ். படத்தில் எல்லாம் சிறுத்தால் அதே சட்டத்துக்குள் கூடுதலான காட்சி அடங்கும். ஒடுங்கிய வீதியில் நின்று முழுத் தேரையும் எடுக்கலாம்.

டெலி போட்டால் மூலைகள் கறுப்பாகின்றன என்று குறைப்படுகிறவர்களுக்கும் பதில் கலிலியோவின் குழாயில்தான் இருக்கிறது. அந்த அமைப்பில் ஒளிக்கற்றைகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டும் இடம் குழாய்க்கு வெளியே இல்லை, உள்ளே இருப்பதுபோல் ஒரு தோற்றம் மட்டும்தான். அங்கே கமராவைக் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆகவே ஓரத்திலிருந்து சரிவாக வரும் ஒளியை முன்வில்லையின் விளிம்பு வெட்டிவிடும். 1611இல் கெப்லர் இரண்டு குவிவு வில்லைகளை வைத்து வேறொரு வடிவம் சொன்னார். அதில் அந்த இடம் வெளியே வந்துவிடும், விம்பம் மட்டும் தலைகீழாகும். அதை அரியங்களால் நிமிர்த்தினால் கடைகளில் "12 மடங்கு" என்று போட்டிருக்கும் நீளக் குழாய் தயார். ஆனால் போன் லென்ஸ் சரியாக அந்த இடத்தில் இருக்க வேண்டும், ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் பாதிப்படம் இருட்டு. கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகும். முக்காலி இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அனமோர்ஃபிக். நேரான கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு காகிதத்தில் பெரிதாக "ட" என்று எழுதி, கிளாஸுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். எழுத்து இடம்வலமாகத் திரும்பித் தெரியும், ஆனால் தலைகீழாகாது. "ப" என்று எழுதினால் மாற்றமே தெரியாது, அது இருபக்கமும் ஒரே மாதிரி இருப்பதால். கிளாஸ் ஓர் உருளை. கிடையாகப் பார்த்தால் வளைந்திருக்கிறது, நிலைக்குத்தாகப் பார்த்தால் நேராக இருக்கிறது. எனவே கிடையான திசையில் அது வில்லை. நிலைக்குத்தில் வெறும் யன்னல் கண்ணாடி. ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கிறது. மூக்குக்கண்ணாடி எழுதித் தரும் துண்டில் "சிலிண்டர்" என்று ஓர் இலக்கம் உள்ளவர்கள் இந்த வளைவைத்தான் முகத்தில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இனி, திருப்பிப் பிடித்த கலிலியோவின் குழாயை இப்படியான உருளை வில்லைகளால் கட்டுங்கள். முன்னால் 60 மில்லிமீற்றர் குழிவு உருளை, பின்னால் 80 மில்லிமீற்றர் குவிவு உருளை, இடைவெளி 20 மில்லிமீற்றர். கிடைத்திசையில் இது வைட் லென்ஸ்: கோணங்கள் முக்கால்வாசியாகச் சுருங்கும், அதனால் பக்கவாட்டில் 1.33 மடங்கு கூடுதலான காட்சி உள்ளே வரும். நிலைக்குத்தில் லென்ஸே இல்லாத மாதிரி. பண்ணைப் பாலத்தில் நின்று எடுத்தால், இரு பக்கக் கடலும் கூடுதலாகச் சட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு வந்து நிற்கும், வானத்தின் உயரம் அப்படியே இருக்கும், நடந்து வருகிறவர் மெலிந்து நெடுத்துத் தெரிவார். ஒரு தொலைநோக்கியை ஒரே ஒரு திசையில் மட்டும் இருக்கச் செய்யலாம் என்று யோசித்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அந்த மூளை அன்றி கிரெத்தியான் என்ற பிரெஞ்சு வானியலாளருடையது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடிகள் பின்பற்றும் வடிவமைப்பின் பெயரில் ஒரு பாதி அவருடையதுதான். 1920களில் அவர் செய்த உருளை லென்ஸ் முறையை ஹொலிவூட்டின் ஃபொக்ஸ் நிறுவனம் பின்னர் வாங்கி, 1953இல் சினிமாஸ்கோப் என்று திரைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்துவிட்ட சனத்தை மறுபடி தியேட்டருக்கு இழுக்க அகலத்திரை தேவைப்பட்டது. பிலிமின் அகலத்தை மாற்றாமல் அதைச் சாதிக்க இந்த லென்ஸ் உதவியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அமெரிக்க இயக்குநர் ஷோன் பேக்கர் ஐபோன் 5எஸ் போன்களில் இதே 1.33 மடங்கு அனமோர்ஃபிக் துண்டை மாட்டி எடுத்த டாஞ்சரின் என்ற முழுநீளப் படம் 2015இல் வெளிவந்தது. யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.

ஏன் 1.33? போனின் வீடியோச் சட்டம் 16க்கு 9, அதாவது 1.78. அதை 1.33ஆல் பெருக்கினால் 2.37. சினிமாஸ்கோப் அகலத்துக்கு அது கிட்டத்தட்டச் சரி. 3840க்கு 2160 என்று எடுத்த வீடியோவை எடிற்றிங்கில் 3840க்கு 1620 ஆக உயரத்தில் அமுக்கினால் மெலிந்த மனிதர் மறுபடி தன் உடம்புக்கு வருவார். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து வெட்டினாலும் அதே அகல விகிதம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் அது இருந்த காட்சியை வெட்டி எறிவது. இது பக்கக் காட்சியைக் கூட்டிக்கொண்டு வருவது.

படங்களில் ஹெட்லைற்றிலிருந்து திரைக்குக் குறுக்கே ஓடும் நீலக் கோடும் இந்த உருளையின் வேலைதான். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், தெறிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாவிட்டால், சுமார் 4 சதவீத ஒளி தெறித்துத் திரும்பும். சாதாரண லென்ஸுக்குள் இப்படி அலையும் ஒளி எல்லாப் பக்கமும் பரவும். உருளைக்குள் அது கிடையாக மட்டுமே விரிய முடியும், நிலைக்குத்தில் ஒடுங்கியே இருக்கும். அதனால் கோடு. எந்த நிறம் என்பதைப் பூச்சுத் தீர்மானிக்கும்.

இதே தெறிப்புகள் சாதாரணக் கிளிப் லென்ஸில் பச்சை, ஊதாப் புள்ளிகளாக விழும். திருவிழாக் காலத்தில் வட்ஸ்அப்பில் சுற்றும் "கோபுரத்துக்கு மேல் தோன்றிய ஒளி" படங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த வகைதான். படத்தின் மையத்திலிருந்து விளக்கு எவ்வளவு தூரமோ, நேர் எதிர்ப்பக்கத்தில் புள்ளி நிற்கும். போனைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள், அற்புதமும் கூடவே நகரும். பக்தியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சில்லாத லென்ஸைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

தம்பிக்குக் கடைசியாக: வாங்குவதானால் கிளிப்பை விட, போன் கவரில் திருகிப் பூட்டும் வகை நல்லது. கிளிப் அரை மில்லிமீற்றர் வழுகினாலும் படத்தின் ஒரு பக்கம் கலங்கிவிடும். அனமோர்ஃபிக் சரிந்து நின்றால் இன்னும் மோசம், நேரான சுவர் எல்லாம் சாயும். மூன்று கமரா உள்ள போன்கள் கிட்டப் போனாலோ வெளிச்சம் மாறினாலோ தாமாகவே வேறு கமராவுக்குத் தாவும். அதற்கு முன்னால் லென்ஸ் இருக்காது. ஒவ்வொரு கமராவாக விரலால் மறைத்துப் பாருங்கள், எதை மறைக்கும்போது திரை இருட்டாகிறதோ அதில்தான் லென்ஸை மாட்ட வேண்டும். பிறகு வீடியோ செயலியில் அந்தக் கமராவையே பூட்டி வையுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், படம் எடுக்க அனமோர்ஃபிக். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் மக்ரோ.