ஹஸார்ட்: பகடையிலிருந்து காற்றாலைக்கு

அமெரிக்காவில் தரையிலிருந்து 200 அடிக்கு மேல் எதைக் கட்டுவதானாலும், வேலை தொடங்குவதற்கு 45 நாள் முன்பே எஃப்.ஏ.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்றைய காற்றாலைகள் அந்த உயரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். ஆராய்ந்து பார்த்துப் பிரச்சினை இல்லை என்றால் 'நோ ஹஸார்ட்' என்று எழுதித் தருவார்கள். தமிழில் 'ஆபத்தில்லை' என்று எழுதிவிடலாம்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஹஸார்ட் முதலில் ஒரு பகடையாட்டத்தின் பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பகடையைக் குறிக்கும் 'அஸ்ஸஹ்ர்' என்ற அரபுச் சொல்தான் வேர் என்பார்கள். அதை எல்லாரும் ஏற்பதில்லை. காய் எப்படி விழுமோ என்ற நிச்சயமின்மை, போகப்போகக் கேடு விளைவிக்கக்கூடியது என்ற பொருளாகிவிட்டது. நம் குறளிலும் பகடைக்குக் 'கவறு' என்ற சொல் உண்டு. ஆனால் அது சூதாட்டத்தைவிட்டு நகரவே இல்லை.

எஃப்.ஏ.ஏ. விதிகளில் 'அப்ஸ்ட்ரக்‌ஷன்' என்று இன்னொரு சொல்லும் வரும். குறித்த அளவைத் தாண்டி நிற்கும் கட்டுமானம் அது. ஹஸார்ட் இல்லை என்று ஆராய்ச்சியில் தெரியும்வரை அதை ஹஸார்டாகவே கருதுவார்கள். சுழலும் இறக்கைகள் ரேடாரைக் குழப்புமா என்பதும் அந்த ஆராய்ச்சியில் அடக்கம். ஆக, இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போட்டால் விதியே புரியாது.

மாசசூசெட்ஸ் கடலில் 440 அடி உயரத்தில் 130 காற்றாலைகள் நிறுவ 'கேப் விண்ட்' என்ற நிறுவனம் திட்டமிட்டது. 2010-இல் 'நோ ஹஸார்ட்' கிடைத்தது. நிர்வாகம் தன் விதிகளையே தவறாகப் படித்திருக்கிறது என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2012-இல் நிர்வாகம் மறுபடியும் 'நோ ஹஸார்ட்' என்றே முடிவு சொன்னது! இத்தனைக்கும் இந்த முடிவுக்குக் கட்டுமானத்தை நேரடியாகத் தடுக்கும் சட்ட வலிமை கிடையாது. அனுமதி தரும் துறை அதை எடைபோட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். திட்டம் 2017-இல் கைவிடப்பட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். ஆபத்து வடசொல் என்பதல்ல என் குறை. அதைக் கேட்டாலே கேடு வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. 'இடர்' பட்ட துன்பத்தையும் சேர்த்துச் சொல்லும். அப்ஸ்ட்ரக்‌ஷனுக்குத் 'தடை' போதும். ஹஸார்டுக்கு 'இடையூறு' பொருந்தும்: இடையில் வரும் ஊறு. குறளின் 'ஊறொரால்' என்பதற்கு, இடையூறு வருமுன்பே விலக்குதல் என்று பொருள் சொல்வதுண்டு. அனுமதிக்கு முன்னால் நடக்கும் ஆராய்ச்சியும் அதற்குத்தானே? எனவே 'நோ ஹஸார்ட்' முடிவை 'இடையூறின்மைத் தீர்மானம்' எனலாம். பேச்சில் 'பிளேனுக்கு இடைஞ்சல் இல்லை' என்றாலும் சரிதான்.