முழு பெயிண்ட் அடிக்கும் முன், ஒரு வெள்ளைத் துணி

போன மாதம் பட்டறைக்கு ஒரு சிவப்பு மாருதி 800 வந்தது. 1998 மாடல், சிங்கிள் ஓனர். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. ரூஃபும் பானட்டும் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தன. "முழுசா அடிச்சிடச் சொல்றாங்க தம்பி. வேற வழியே இல்லையா?" என்றார்.

வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, பானட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன். துணி குங்குமம் பட்டதுபோலச் சிவந்தது. நல்ல அறிகுறி அது. மேலே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இல்லாத பெயிண்ட், அதனால்தான் நிறம் துணிக்கு வருகிறது. வெயில் மேல்பரப்பை மட்டும்தான் மாவாக்கியிருக்கிறது. அடியில் கம்பெனி பெயிண்ட் உயிரோடு இருக்கிறது.

துணியில் நிறம் வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது என்று பொருள். வெறும் மங்கல் என்றால் அதையும் பாலிஷில் மீட்கலாம். ஆனால் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிய ஆரம்பித்துவிட்டால் எந்த மெஷினாலும் ஒட்டவைக்க முடியாது. அந்தப் பகுதிக்குப் பெயிண்ட்தான். "பாலிஷிலேயே சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து அளவு. அடிப்பூச்சான பிரைமரோடு சேர்த்தே கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். ஒரு ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். அவ்வளவுதான் நம் கையிருப்பு. ஒவ்வொரு ரப்பிங்கும் (பாலிஷ் பசை போட்டுத் தேய்ப்பது) அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். வாட்டர் வாஷுக்குப் போகும்போதெல்லாம் ரப்பிங் போடச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

பதற்றத்துக்குக் காரணம் உண்டு. தொழில் கற்ற காலத்தில் ஒரு பானட்டின் விளிம்பில் ரோட்டரி பாலிஷ் மெஷினை, அதுவும் கம்பளிப் பேடோடு, இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். சாம்பல் நிற பிரைமர் தெரிந்துவிட்டது. மடிப்பிலும் விளிம்பிலும் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், சூடும் அங்கேதான் சீக்கிரம் ஏறும். அன்றிலிருந்து மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினை ஆன் செய்ததே இல்லை.

ஆசிரியரின் வண்டியை நிழலில் நிறுத்திக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் க்ளே போட்டு, பெயிண்டின் கனம் காட்டும் கேஜால் ஒவ்வொரு இடமாக அளந்தோம். ரூஃபில் 105 மைக்ரான். வைப்பர் பக்கத்தில் ஓரிடத்தில் 70தான் காட்டியது, முன்பே யாரோ தேய்த்திருக்க வேண்டும். ரோட்டரியைவிடச் சூடு குறைவாக ஏறும் டூயல் ஆக்‌ஷன் மெஷினும் ஃபோம் பேடும் எடுத்தோம். ரூஃபுக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது. பேடு சிவப்புச் சேறாக அடைத்துக்கொண்டதால் அடிக்கடி பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். அப்புறம் மெல்லிய பாலிஷ், கடைசியில் வேக்ஸ்.

வேக்ஸைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கிளியர் கோட் இல்லாத பெயிண்டைப் பாதுகாப்பில்லாமல் வெயிலில் விட்டால் மறுபடி வெளுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையாலேயே போடலாம். கவர் போடுவதாக இருந்தால் தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் கவர் அசையும்போது அதுவே உப்புத்தாளாகிவிடும்.

வைப்பர் பக்கத்து இடம் மட்டும் கொஞ்சம் வெளிறியே இருக்கிறது. கேஜை வைத்து ஆசிரியருக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து எண்ணைப் படித்தார். "சரி, அதைத் தொடாதீங்க" என்றார்.