நீரோடி முதல் பூவாறு பொழி வரை: நடப்பதற்கு முன் அலையை எண்ணுங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி. அங்கிருந்து கரையோரமாக வடமேற்கே நடந்தால் எல்லை தாண்டியதும் பொழியூர், அப்பால் பூவாறு பொழி, அதாவது நெய்யாறு கடலில் சேரும் ஆற்றுவாய். இந்த வழியில் நடக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அது போதாது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கரையில் நிற்கும் ஆளை இழுத்துப் போவது ஓதம் அல்ல, நீண்ட இடைவெளியில் வரும் அலை.

ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. உள்ளூர்க் காற்று கிளப்பும் அலைகள் பொதுவாக 5 முதல் 9 விநாடிக்கு ஒன்றாக வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து வரும் அலைகளுக்கு இடைவெளி 14 விநாடிக்கு மேல், சில சமயம் 18, 20. ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர்; 18 விநாடி அலைக்கு அது 500 மீட்டர். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் நீளமான அலை கொண்டுவரும் தண்ணீர் அதிகம். ஒரே சரிவுள்ள கரையில் இடைவெளி இரட்டித்தால் அலை ஏறும் உயரமும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

இப்படி வரும் பெருக்கைத்தான் கேரளக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்கள். பெருக்கின் அலைகள் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து நான்கைந்து நாளில் நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது இத்தகைய அலையில்தான். கடல்நிலையை முன்னறிவிக்கும் ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் அந்த எச்சரிக்கையைப் பார்க்காமல் கரையில் கால் வைக்கவே கூடாது.

இடைவெளியை நீங்களே அளக்கலாம். அலை உடையும் ஓர் இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். முதல் அலை உடையும்போது கடிகாரத்தைத் தொடங்கி, பதினோராவது அலையில் நிறுத்தி, வந்த விநாடியைப் பத்தால் வகுங்கள். 14க்கு மேல் வந்தால் ஈரக்கோட்டுக்கு, அதாவது அலை ஏறி நனைத்த எல்லைக்கு, மேலேயே நடங்கள். ஒரு தடவை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நடுவில் பத்து நிமிடம்கூடக் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியை நம்பிக் கல்சுவரின் அடியில் இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 20 நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி.

வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்பினால் இறுகிய ஈரமணல் கிடைக்கும். உலர்ந்த மணலில் நடக்கத் தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஈரமணலில் மிதித்ததும் பாதத்தைச் சுற்றி ஒரு கணம் வெளுக்கும், பார்த்திருப்பீர்கள். அழுத்தம் பட்ட மணிகள் ஒன்றையொன்று தள்ளி விலக, நடுவே இடம் கூடி மேற்பரப்பு நீர் உள்ளே இழுபடுகிறது. அந்த உறிஞ்சல்தான் மணலை இறுக்கிக் காலைத் தாங்குகிறது. கருமணல் திட்டுகளில் நண்பகலில் வெறுங்கால் வேண்டாம், தோல் பொசுங்கிவிடும்.

கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளை ஒட்டி ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரித்துப் போயிருக்கும். போன மாதம் நடந்த இடத்தில் இப்போது செங்குத்தான வெட்டு இருக்கலாம். அதன் விளிம்பில் நிற்காதீர்கள், அடிப்பக்கம் கரைந்திருக்கும். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சில இடங்களில் நடக்கக் கரையே மிஞ்சாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பொழி. ஆற்றில் நீர் குறைந்தால் அலை மணலைக் குவித்து வாயை அடைக்கும். மழையில் உள்ளே நீர்மட்டம் ஏறினால் மணல்திட்டின் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு ஓடை வழியும். அது மணலை அரிக்கும். அரித்த வழி பெரிதானதும் இன்னும் வேகமாக ஓடும். காலால் தாண்டிய ஓடை சில மணி நேரத்தில் ஆறாக விரிந்துவிடும். திட்டு முழுசாக நின்றாலும் கடல் பக்கச் சரிவில் கசிவு இருக்கும். அங்கே மணல் தளர்ந்து முழங்கால் வரை புதையும். வற்றத்தில் ஆழம் குறைவாகத் தெரியும், ஆனால் அப்போதுதான் ஓட்டம் கடலை நோக்கி வேகமெடுக்கும், நிற்கிறவரின் பாதத்துக்கு அடியிலிருந்தே மணல் அரித்துப் போகும். முழங்கால் ஆழம்தானே என்று இறங்க வேண்டாம். பொழியூர் பக்கமே நின்று, உள்ளே காயல் வழியாகப் படகில் பூவாறு போய்ச் சேருங்கள்.