"லேசாகத்தான் உரசியது சார்"

மறுபடியும் ஒரு செஸ்னா 172 பயிற்சி விமானம். தரையிறங்கும்போது துள்ளித் துள்ளி மூக்குச் சக்கரத்தில் விழுந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஹேங்கர் வாசல்வரை ஓடி வந்து நின்றது. புரொப்பெல்லரின் இரண்டு முனைகளும் பின்னோக்கி மடிந்திருந்தன; ஒன்றில் ரன்வேயின் தார் ஒட்டியிருந்தது. (பின்னால் மடிந்திருந்தால் பெரும்பாலும் பவர் குறைவாக இருந்திருக்கும். மாணவர் சொன்னதும் அதுதான்.) அவருக்குக் காயமில்லை, நல்லது. ஆனால் கூட வந்தவர் கேட்டார்: "எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது? புரொப்பெல்லரை மட்டும் மாற்றினால் போதாதா?"

போதாது. எத்தனை முறை சொல்வது! இந்த லைகமிங் எஞ்சினில் புரொப்பெல்லர் நேரடியாகக் கிராங்க் ஷாஃப்ட்டில் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டில்) பூட்டப்பட்டிருக்கிறது. இடையில் கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை. முனையில் விழும் அடி முழுவதும் ஷாஃப்ட்டின் பின்கோடிவரை போகிறது. அங்கே ஒரு கியர், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட்டும் ஒரு சிறு உலோக முளையும். அந்தக் கியர் கழன்றால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவும் நின்றுவிடும், எஞ்சினும் நின்றுவிடும். முளை விண்டிருந்தாலும் எஞ்சின் சில மணி நேரம் சீராகவே ஓடக்கூடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. இதைச் சோதிக்கச் சொல்லி 2004இல் கட்டாய உத்தரவே போட்டது. காது கொடுத்துக் கேட்டு எஞ்சினுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

விமானம் ஏன் துள்ளுகிறது என்பதைத் தரை வகுப்பில் படித்திருப்பீர்கள். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்புத் தகட்டை) முழுதும் இறக்கினால், இறங்கி வரும் வேகமாக 172எஸ் கையேடு சொல்வது 60 முதல் 70 நாட். 75இல் வந்துவிட்டு, மிதக்கும் விமானத்தைத் தரையில் அழுத்தாதீர்கள். துள்ளிவிட்டதா? யோக்கை (விமானியின் கைப்பிடியை) முன்னால் தள்ளாதீர்கள். மூக்கை அந்த நிலையிலேயே பிடித்து, முழு பவர் கொடுத்து, கோ அரவுண்ட் போங்கள், அதாவது மேலேறிச் சுற்றி வந்து மறுபடி இறங்குங்கள். அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

புரொப்பெல்லர் தப்பினாலும் பலமாக இறங்கியதை டெக் லாக்கில் (விமானத்தின் பழுதுக் குறிப்பேட்டில்) எழுதுங்கள். மூக்குச் சக்கரத்தின் கால், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு சுருங்கியிருப்பதும் ரிவெட்டைச் சுற்றிக் கரும்புகைபோல் கறை படிந்திருப்பதும் டார்ச் அடித்தால்தான் தெரியும். பயிற்றுநர்களே, தயவுசெய்து எழுதிய மாணவரை எல்லார் முன்னிலும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவர் மறைப்பார். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்குகளான எங்களைக் கூப்பிடுங்கள். கவுலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றி மாட்டுவதில் எங்களுக்குச் சலிப்பே இல்லை.