"ஒரு தடவைகூட விழுந்ததில்ல, டாக்டர்"

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து வந்திருந்தவருக்கு 36 வயது. நூறு கிலோவுக்கு மேல் இருப்பார். ஒரு காலத்தில் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பிரிவில் ஆடியவர். இப்போது விசைப்படகில் கடலுக்குப் போகிறார், கரையில் இருக்கும் நாட்களில் பையன்களோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக மோதுவது. மறுபடி போட்டியில் இறங்க உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டார். "ஒரு தடவைகூட விழுந்ததில்ல, டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

விழுந்து எழ முடியாதவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். விழாதவர் கடைசி மணி அடிக்கும்வரை நின்று வாங்குகிறார். எதிரில் நிற்பவரும் 90 கிலோவைத் தாண்டியவர். பயிற்சியில் வாங்கும் அடிக்கோ கணக்கே கிடையாது. கழுத்தையும் தோளையும் உரமேற்றலாம், மூளையை முடியாது. குத்து விழுந்து தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னேன். வலது கை சரி. இடது விரல் மேலுதட்டில் போய் நின்றது. திரும்பவும் செய்யச் சொன்னேன். அதே இடம். அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி சொன்னார்: "வலை தைக்கிறப்ப ஊசி நழுவுது, டாக்டர். ஆறு மாசமா பேச்சும் குழறுது. குடிச்சிட்டு வர்றார்னு நெனச்சு சண்டை போட்டேன்."

முகமது அலிக்கும் இதே சோதனை நடந்தது. 1980இல், சென்னைக்கு வந்து காட்சி ஆட்டம் ஆடிய அதே ஆண்டு, அப்போதைய உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸுடன் மோதும் முன் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். மூக்கைத் தொடுவதில் லேசான பிசகு, ஒற்றைக்காலில் துள்ளுவதில் தடுமாற்றம் என்று அறிக்கையிலேயே இருந்தது. ஆனாலும் அனுமதி கிடைத்தது. பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ நிறுத்தினார். அலி அதோடு விடவில்லை, 1981இல் இன்னொரு ஆட்டம் ஆடினார். 1984இல், உடல் அசைவைக் குலைக்கும் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அதற்குக் குத்துச்சண்டை மட்டுமே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனால் அந்த அறிக்கை கையில் இருக்கும்போது ஒருவரை வளையத்துக்குள் அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் லெனாக்ஸ் லூயிஸ் உலகப் பட்டம் கையில் இருக்கும்போதே 2004இல் விலகினார். ஜெயித்துக்கொண்டிருப்பது தொடர்வதற்குக் காரணமே இல்லை.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே" என்று பலர் கேட்கிறார்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும். வருடக்கணக்கில் சேர்ந்த சேதம் அதில் தெரியாமலே போகலாம். முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். பேச்சு குழறல், காரணமில்லாத கோபம், சொன்னதையே திரும்பச் சொல்வது, சட்டைப் பொத்தான் போடத் திணறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் ஸ்பாரிங்கை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

சான்றிதழ் தரவில்லை. கோபமாக எழுந்து போனார். அப்புறம் மனைவிதான் பேசிப் பேசி மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். இப்போது சாயங்காலங்களில் பையன்கள் குத்திப் பழக, கையில் மாட்டும் பஞ்சுப் பேட் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறார், தலையில் அடி வாங்குவதில்லை. ஊசி மட்டும் இன்னும் சில நாள் நழுவுகிறதாம்.