தணிக்கை என்ற சொல் எங்கிருந்து வந்தது?

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொட்டகையில் விளக்கு அணைந்ததும் திரையில் முதலில் வருவது கதாநாயகன் அல்ல, ஒரு காகிதம். கையெழுத்தும் முத்திரையும் சில எண்களும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் காகிதத்துக்கும் விசில் பறக்கும். பெரியவர்கள் அதில் தேடுவது ஒன்றைத்தான்: எத்தனை ரீல்? பதினாறு என்று தெரிந்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை என்று சாய்ந்து உட்கார்வார்கள். அந்தக் காகிதத்தை எல்லோரும் சென்சார் சர்டிபிகேட் என்றார்கள். பத்திரிகைகள் தணிக்கைச் சான்றிதழ் என்று எழுதின, இன்றும் எழுதுகின்றன. ஆனால் அதைக் கொடுக்கும் வாரியத்தின் பெயரில் சென்சார் என்ற சொல் 1983-லேயே போய்விட்டது. பெயரில் இல்லாததை நாம் ஏன் விடாமல் பிடித்திருக்கிறோம் என்று யோசித்தபோதுதான் இந்தச் சொல்லைத் துருவத் தோன்றியது.

முதலில் தணிக்கை. பார்த்தவுடன் தூய தமிழ் போலத்தான் தெரியும். தணி என்றால் குறை, ஆற்று. சூடு தணியும், கோபம் தணியும், தாகம் தணியும். முருகன் சினம் தணிந்த மலை திருத்தணிகை. நம்பு என்பதில் பிறந்தது நம்பிக்கை, வாழ் என்பதில் பிறந்தது வாழ்க்கை. அந்த வரிசையில் தணியிலிருந்து தணிக்கை. படத்தின் காரத்தைக் குறைக்கும் வேலை என்று பொருளும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு மேடையில் ஒருவர் இந்த விளக்கத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்கியதைக் கேட்டிருக்கிறேன். நானும் தட்டினேன்.

அந்த விளக்கம் தவறு. தணிக்கை, உருது வழியாக வந்த அரபுச் சொல். மூலம் தன்கீஹ். பேரீச்ச மரத்தின் தண்டில் துருத்திக்கொண்டிருக்கும் மட்டைக் கட்டைகளையும் கணுக்களையும் செதுக்கி வழவழப்பாக்குவதுதான் அந்த அரபு வேரின் பழைய பொருள். அதிலிருந்து கவிதையைச் செப்பனிடுவது, எழுதியதைத் திருத்துவது என்று பொருள் விரிந்தது. இன்றும் அரபியில் நூலைத் திருத்திப் பதிப்பிப்பதைத் தன்கீஹ் என்பார்கள். சொல் இந்தியாவுக்கு வந்தபோது வருவாய் நிர்வாகத்தோடு ஒட்டிக்கொண்டு, கணக்கைச் சரிபார்ப்பது, சோதிப்பது என்ற பொருளில் தெற்கே இறங்கியது. தாசில், ஜமாபந்தி, ஜப்தி, பாக்கி எல்லாம் வந்த அதே மாட்டுவண்டிதான். (சினிமாக்காரர்கள் தினமும் உச்சரிக்கும் வசூலும் அதே வண்டியில் வந்த அரபுச் சொல்தான். தணிக்கையும் வசூலும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

சந்தேகம் இருந்தால் அக்கம்பக்கத்தில் பார்க்கலாம். தெலுங்கில் தனிகீ என்றால் சோதனை. கன்னடத்தில் தனிகெ என்றால் விசாரணை. பெங்களூருச் செய்தி சேனலைப் போட்டால் போலீஸ் தனிகெ நடத்துவதை மணிக்கொரு முறை கேட்கலாம். மூன்று மொழியிலும் ஒரே சொல். தமிழில் மட்டும் 'னி' 'ணி' ஆனது. நம் காதுக்குப் பழகிய தணி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. வந்தேறிய சொல் உள்ளூர் வேட்டி கட்டிக்கொண்டது.

அதனால்தான் தமிழில் தணிக்கை இன்றும் மூன்று இடங்களில் வேலை பார்க்கிறது. கூட்டுறவு வங்கியில் நடப்பது கணக்குத் தணிக்கை. சாலையில் லைசென்ஸ் கேட்டு வண்டியை ஓரங்கட்டுவது வாகனத் தணிக்கை. மூன்றாவது, திரைப்படத் தணிக்கை. மூன்றுக்கும் பொது, ஒரு அதிகாரி நிறுத்திப் பார்ப்பது. வெட்டுவதும் ஒடுக்குவதும் அந்தச் சொல்லின் தமிழ்ப் பொருளில் முதலில் இல்லை. சினிமாவுக்கும் பத்திரிகைக்கும் அதைப் பயன்படுத்தப் பயன்படுத்த ஏறிக்கொண்டவை.

இனி சென்சார். இதுவும் கணக்குப்பிள்ளை வேலையில் தொடங்கிய சொல்தான். லத்தீனில் கென்சேரே என்றால் மதிப்பிடுதல். பழைய ரோமில் கென்சோர் என்ற பதவியில் இரண்டு பேர் இருந்தார்கள். குடிமக்களை எண்ணுவதும் அவரவர் சொத்தை மதிப்பிடுவதும் அவர்கள் வேலை. நம் வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறார்களே, சென்சஸ், அதுவும் அதே வேர். எண்ணுகிற சாக்கில் யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லை என்று குறிப்பு எழுதும் அதிகாரமும் அவர்களிடம் சேர்ந்தது. கி.மு. 184-இல் கென்சோர் ஆன கேட்டோ, மனிலியஸ் என்பவரை செனட்டிலிருந்தே நீக்கினார். பட்டப்பகலில், மகள் பார்க்கும்படி, சொந்த மனைவியை அணைத்து முத்தமிட்டார் என்பது குற்றம். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதி வைத்த கதை இது. முத்தக் காட்சியில் கை வைக்கும் வழக்கத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்.

ஆக, சென்சார் எண்ணிக்கையில் பிறந்தது, தணிக்கை கணக்குச் சோதனையில் வளர்ந்தது. மொழிபெயர்த்தவர் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அமைந்துவிட்டது. இப்படி அடிவரை பொருந்தும் மொழிபெயர்ப்பு அபூர்வம்.

இந்தியாவில் சினிமாவுக்கு இந்தச் சொல் வந்தது 1918 சட்டத்தோடு. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் வாரியங்கள் வந்தன. அவை போலீஸ் கமிஷனரின் கைக்குள் இருந்தன. முதலில் மாட்டியவர்களில் ஒருவர் மகாபாரத விதுரர். 1921-இல் வந்த 'பக்த விதுர்' மௌனப் படத்தில் விதுரர் கதர் உடுத்தி, குல்லாய் வைத்து, காந்தியைப் போலவே இருந்தார். சென்னையிலும் கராச்சியிலும் படம் தடை செய்யப்பட்டது. கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' 1939-இல் வெளியாகி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே தடைக்கு ஆளானது. அன்றைக்கு எவருக்கும் குழப்பம் இல்லை. வெள்ளைக்காரன், போலீஸ், சென்சார், எல்லாம் ஒரே பக்கம்.

குழப்பம் ஆரம்பித்தது 1952-இல். புதிய திரைப்படச் சட்டம் வந்த வருடம். 'பராசக்தி' வந்த வருடமும் அதுதான். படம் சான்றிதழோடு வெளியானது. பிறகுதான் அதைத் தடை செய்யவேண்டும் என்ற குரல்கள் கிளம்பின. ஒரு கட்சியின் கொள்கை வசனமாகத் திரையில் முழங்கினால் அதைச் சோதிப்பது யார், எந்த அளவுகோலால் என்ற கேள்வியைத் தமிழ் சினிமா அப்போதே கேட்டுவிட்டது. பதில் சில்லறையாகத்தான் வந்தது. 1966-இல் 'அன்பே வா' பாட்டில் 'உதய சூரியன்' என்று வந்ததை ஏற்காமல், அது 'புதிய சூரியன்' ஆனது. தி.மு.க.வின் சின்னம் உதயசூரியன் அல்லவா! கொட்டகையில் இருந்தவர்களுக்கு எந்தச் சூரியன் என்று தெரியாமல் இல்லை. ஒரு சொல்லைச் செதுக்கினார்கள், பழைய அரபுப் பொருளில் அசல் தன்கீஹ்.

1970-இல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், படத்தை வெளியாகும் முன்பே சோதிப்பது அரசியல் சாசனத்துக்கு ஒத்ததே என்றது. அதே காலத்தில் கன்னடத்தில் 'சம்ஸ்கார' படத்துக்குச் சென்னை வாரியம் தடை போட்டது; பிறகு அந்தத் தடை நீங்கி, படம் தேசிய விருதில் முதலிடம் பெற்றது. அப்புறம் 1983-இல் வாரியம் பெயரை மாற்றிக்கொண்டது. சென்சார் போனது, சான்றிதழ் வந்தது.

சான்றிதழ் பிரிக்கவே அழகான சொல். சால் என்றால் நிறைதல். அதில் பிறந்தது சான்று. சான்றோர் என்பதும் அங்கிருந்துதான். நிறைந்தவர் சொன்னால் நம்பலாம் என்பதால் சான்று சாட்சியம் ஆனது, அதை எழுதிய இதழ் சான்றிதழ் ஆனது. வாரியம் தன்னைச் சான்றோர் சபையாகக் காட்டிக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் கத்தரி அதே மேஜையில்தான் இருந்தது. சட்டத்தின் 5பி பிரிவு நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு என்று அடுக்கி, இவற்றுக்கு ஊறு செய்யும் படத்துக்குச் சான்றிதழ் கிடையாது என்கிறது. கொடுக்க மறுக்கும் அதிகாரம் உள்ளவரைச் சான்றளிப்பவர் என்று மட்டும் சொல்வது, வாகனத் தணிக்கை செய்யும் போலீஸ்காரரை வழிகாட்டி என்று சொல்வதைப் போல.

இந்தச் சொல் சிக்கலுக்கு ஒரே ஒரு படத்தை உதாரணம் காட்டு என்றால் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்பேன். ஒரு பிராமணப் பெண் கருப்பாயி என்ற பெயரில் பொய்யான சாதிச் சான்றிதழ் வாங்கி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறாள், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைப் படம் விமர்சிக்கிறது. முதலில் பார்த்த குழு சான்றிதழ் தர மறுத்தது. மறுஆய்வுக்குப் போய், இழுபறிக்குப் பிறகு 'யு' கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழை ரத்து செய்தது. பொய்ச் சான்றிதழைப் பற்றிய படத்தின் மெய்யான சான்றிதழே பறிபோனது. கடைசியில் 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. இட ஒதுக்கீடு பற்றிப் படம் சொல்வது சரியா தவறா என்பதல்ல கேள்வி. அதைச் சொல்லலாமா என்பதே கேள்வி என்பது தீர்ப்பின் சாரம். பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள நெருக்கம் வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல இருக்கவேண்டும், போராட்டம் நடத்துவோம், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்தப் படத்தின் அரசியல் எனக்கு ஒப்பில்லை. தீர்ப்பு ஒப்புதான்.

அதற்குப் பிறகு நடந்தவை பலவற்றைத் தணிக்கை என்று சொல்வதே பிழை. 2013-இல் 'விஸ்வரூபம்' சான்றிதழ் பெற்ற படம். மாவட்ட ஆட்சியர்கள் 144 உத்தரவு போட்டுத் தமிழ்நாட்டில் அதை நிறுத்தினார்கள். சில இடங்களில் வெட்டவும் ஒலி நீக்கவும் தயாரிப்பாளர் சம்மதித்த பிறகே திரைக்கு வந்தது. வாரியம் வெட்டாததை வெட்டியவர்கள் யாருடைய சட்டத்தில் வெட்டினார்கள்? வங்காளத்தில் 2019 பிப்ரவரியில் 'பவிஷ்யதேர் பூத்' என்ற அரசியல் நையாண்டிப் படம் வெளியான மறுநாளே கொட்டகைகளிலிருந்து காணாமல் போனது. எழுத்தில் தடை என்று ஒன்றும் இல்லை. உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசைக் கண்டித்து, தயாரிப்பாளருக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

கேரளத்தில் 2025 மார்ச்சில் வந்த 'எம்புரான்' இன்னொரு மாதிரி. படம் சான்றிதழோடு வெளியாகி ஓடிக்கொண்டிருந்தது. குஜராத் கலவரத்தை நினைவூட்டும் காட்சிகளுக்கு எதிர்ப்பு கிளம்பியதும் படக்குழுவே 24 வெட்டுகளோடு வாரியத்திடம் திரும்பிப் போனது. வில்லன் பஜ்ரங்கி, பல்தேவ் ஆனார். இதற்கு அலுவலகப் பெயர் தாமாக முன்வந்து செய்த திருத்தம். கழுத்தில் கை வைத்த பிறகு தலையாட்டுவதும் தாமாக முன்வந்ததுதானா என்று கேட்கத் தோன்றுகிறது, சரி, விடுங்கள். அதே வருடம் இன்னொரு மலையாளப் படத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ஜானகி, அது சீதையின் பெயர் என்று வாரியம் நிறுத்தியது. உயர் நீதிமன்றம் வரை போய், தலைப்பில் இருந்த ஜானகியோடு 'வி' என்று ஒரு எழுத்தைச் சேர்த்து, நீதிமன்றக் காட்சியில் பெயரை ஊமையாக்கி வெளியானது. இது மட்டும் சந்தேகமில்லாமல் தணிக்கை.

எழுதுபவர்களுக்கு என் யோசனை இது. வாரியத்தின் பெயரைச் சொல்லும்போது சான்றளிப்பு வாரியம் என்றே எழுதலாம். அது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். வாரியம் பார்ப்பதையும் வெட்டச் சொல்வதையும் தணிக்கை என்போம். அரபு வேர் என்று அதைத் தள்ளத் தேவையில்லை, வசூலைத் தள்ளிவிட்டோமா என்ன? மாநில அரசோ ஆட்சியரோ நிறுத்தினால் அது தடை. கூட்டம் சேர்ந்து கொட்டகைக்காரரை மிரட்டி நிறுத்தினால் அது மிரட்டல். அதைத் தணிக்கை என்று எழுதினால் கல்லெறிந்தவருக்கு அதிகாரி பதவி கொடுத்ததாகிவிடும். படக்குழு பயந்து தானே வெட்டிக்கொண்டால் சுயதணிக்கை. இந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

கோடம்பாக்கம் இந்த நுணுக்கத்தையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அங்கே இன்றும் படம் 'சென்சாருக்குப் போயிருக்கு', அப்புறம் ஒரு நாள் 'சென்சார் ஆயிடுச்சு'. அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். படத்தை வெட்டிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, ரிலீஸ் தேதி போடலாம் என்று அர்த்தம்.