பென்சிலுக்கு முன்னே பழக வேண்டிய கை

"நாலு வயசாகுது, பிள்ளை இன்னும் பென்சிலை ஒழுங்காப் பிடிக்கிறான் இல்ல." எழுதுவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சியளிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளராக மட்டக்களப்பில் பணியாற்றும் நான் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இவ்வாறு அழைத்து வரப்படும் பிள்ளைகளுள் பெரும்பாலானோருக்கு நோய் எதுவும் இல்லை. மண் அளையவும், மாப் பிசையவும், சிரட்டையில் தண்ணீர் மொண்டு ஊற்றவும் வாய்ப்பில்லாமல், மூன்று வயதிலேயே கோடிட்ட கொப்பியின் முன்னால் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள்.

பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டில் இருப்பது பெரும்பாலும் குருத்தெலும்புதான். அங்குள்ள எட்டுச் சிறிய எலும்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி வருகின்றன. கடைசி எலும்பு தோன்றுவதற்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். தோளும் முழங்கையும் உறுதியடைந்த பின்னரே விரல்களின் நுண்ணசைவு சீராகிறது. ஒன்றரை வயதில் முழுக் கையாலும் பென்சிலைப் பொத்திப் பிடிக்கும் பிள்ளை, மூன்று விரல்களால் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதும் நிலைக்கு வர நாலரை முதல் ஆறு வயது வரை ஆகும். பார்த்து வரையும் திறனும் அப்படித்தான்: மூன்று வயதளவில் வட்டம், நாலு வயதளவில் கூட்டல் குறி, ஐந்து வயதளவில் முக்கோணம். இந்நிலையில், சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாகக் கலந்த 'அ', 'இ' ஆகியவற்றை மூன்று வயதுப் பிள்ளை பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு கடினமான கோரிக்கை என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகள் கூட அந்த வயதுக் கைக்கு இலகுவானவை அல்ல.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது நாம் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுப்பதில்லை. மடியில் இருத்தி, விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வைக்கிறோம். அரிசியின் சொரசொரப்பு விரல் நுனிக்குத் தெரிகிறது, கோடு போகும் திசையைக் கை உணர்கிறது. 1907 இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் மரியா மொன்டிசோரி, மணற்கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகுமாறு செய்ததும் இதே அடிப்படையில்தான். ஆனால் நம் ஊர்களில் மொன்டிசோரி என்று பெயர்ப்பலகை வைத்த சில இடங்களில் கூட உள்ளே கொப்பியும் பென்சிலுமே காணப்படுகின்றன என்பது எனக்குப் பெரும் கவலையளிக்கிறது. ஒரு நாள் அரிசியில் எழுதியதுடன் அந்தப் பயிற்சியை நிறுத்தாமல், வீட்டில் ஒரு தட்டில் மணலோ ரவையோ பரப்பித் தொடர்ந்து எழுத விடலாம்.

எண்களும் கை வழியாகவே வந்து சேர வேண்டும். நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளையிடம் ஐந்து புளியங்கொட்டை எடுத்துத் தருமாறு கேட்டால், கைநிறைய அள்ளித் தருவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

இதற்காக விலையுயர்ந்த விளையாட்டுப் பொருட்களைத் தேட வேண்டியதில்லை. ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது ஓர் உருண்டையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பயறையும் சோளனையும் கலந்து பிரிக்க விடுங்கள். உடுப்புக் கவ்வியை அழுத்திக் கொடியில் மாட்டுவது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் வலுப்பெறச் சிறந்த வேலை. தென்னோலையில் காற்றாடி செய்யத் தெரிந்த அப்பப்பாவும், பன்பாய் இழைக்கத் தெரிந்த அம்மம்மாவும் இருக்கும் வீட்டில் நல்ல ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ ஈர மணலைத் தோண்டிக் குவிக்கும் மாலைப்பொழுது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தரும் பயிற்சியைக் கொப்பி தராது. மூன்று வயதுக்கு உட்பட்டோரிடம் மட்டும் விதைகளையும் மணிகளையும் கொடுக்கக் கூடாது. அவை தொண்டையில் சிக்கலாம். பெரிய பிள்ளைகள் கூட அவற்றை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதுண்டு என்பதால் அருகில் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டு மணலைப் பூனை, நாய் அசுத்தப்படுத்தாதவாறு மூடி வைத்து, விளையாடி முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பழக்கினால் புழுத்தொற்று பற்றிய அச்சமும் குறையும்.

எழுத்து வேலை கொடுக்காவிட்டால் பெற்றோர் பிள்ளையை வேறிடத்தில் சேர்த்து விடுகிறார்கள் என்று முன்பள்ளி ஆசிரியைகள் என்னிடம் மனம் நொந்து கூறுவதுண்டு. நமது ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே தரம் 1, 2 வகுப்புகளில் மேசை வேலையை விட வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முக்கியத்துவம் அளிக்கையில், அதற்கும் முந்திய வயதினரை எழுத வைத்து அவசரப்படுத்துவதற்குக் காரணமே இல்லை. கைபேசியில் எழுத்துகளைத் தொட்டு இழுப்பதும் மணலிலோ அரிசியிலோ எழுதுவதற்கு ஈடாகாது. எதைத் தொட்டாலும் விரலுக்குத் தெரிவது ஒரே வழுவழுப்புத்தான். இரண்டு முதல் நாலு வயது வரையானோர் திரையின் முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தை மிஞ்சக் கூடாது என உலக சுகாதார அமைப்பு 2019 இல் அறிவுறுத்தியது.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்காமல் வைத்தியரை நாட வேண்டும். ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை முடக்கி வைத்திருப்பது, முன்பு செய்த வேலையைப் பின்னர் செய்ய முடியாமற்போவது, மணலோ மாவோ கையில் பட்டாலே கடுமையாக அழுது விலகுவது ஆகியன அவற்றுள் சில. பிள்ளை இடக்கையால் சாப்பிடுவதோ எழுதுவதோ இவற்றில் சேராது. அந்தக் கையை மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம்.